ஒகேனக்கல்லில் ஆற்றோர வீடு எடுக்கிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஆடியில் நாங்கள் 11 பேர் ஒகேனக்கல்லில் ஒரு வீட்டை இரண்டு இரவுக்கு எடுத்தோம். அம்மா, அத்தை, தம்பி குடும்பம், பெங்களூரிலிருந்து மச்சான் வீட்டார், கூடவே நான்கு வாண்டுகள். படத்தில் திண்ணைக்கு எதிரே காவிரி ஓடிக்கொண்டிருந்தது. போய் இறங்கினால் ஆறு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அன்று இரவே நீர்வரத்து ஏறி, விடிந்ததும் குளிக்கவும் பரிசலில் போகவும் தடை என்று அறிவித்துவிட்டார்கள். கிளம்பும்போது எண்ணெய்க் கறை, உடைந்த கண்ணாடி என்று கணக்குச் சொல்லி 5,000 ரூபாய் டெபாசிட்டில் 3,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

பாதித் தப்பு எங்களுடையது. கேட்க வேண்டிய எதையும் நாங்கள் கேட்கவில்லை. தை மாதம் வேறொரு வீடு எடுத்தபோது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்பினோம். அந்த இரண்டு பயணத்திலும் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் தண்ணீர், அப்புறம் தேதி

நாங்கள் செய்த முதல் தவறு, எல்லோருக்கும் லீவு கிடைக்கும் நாளாகப் பார்த்தது. ஒகேனக்கல்லில் நாள் குறிப்பது ஆறு. நம் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் இங்கே வெள்ளம் வரும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பினால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். ஓரிரு நாளில் அது இங்கே வந்து சேரும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை இந்த ஆபத்து அதிகம். 2024 ஜூலைக் கடைசியில் வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியையும் தாண்டியது. அந்த அளவுக்குத் தண்ணீர் வந்தால் ஐந்தருவியெல்லாம் இருந்த இடமே தெரியாது.

மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் வரத்தை அளக்கிறது. செய்தித்தாளில் ‘ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி’ என்று தினமும் வரும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே இந்த எண்ணைக் கவனியுங்கள். எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியம். நான் எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: பத்தாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரரிடமும் பரிசல்காரர் யாரிடமாவதும் பேசாமல் வண்டியை எடுப்பதில்லை. தடை போடுவதும் நீக்குவதும் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ‘காலையில் திறந்துவிடுவார்கள் சார்’ என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்பாதீர்கள்.

மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் பாறைகள் கொதிக்கும், தண்ணீரும் மெலிந்திருக்கும். ஆனால் கூட்டம் பிடிக்காதவர்களுக்கு வார நாளில் அதுவும் மோசமில்லை. ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், நீண்ட வார இறுதி மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். வண்டி நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆகும்.

2. ‘ஆற்றோரம்’ என்றால் எவ்வளவு ஓரம்?

விளம்பரத்தில் ‘ரிவர் வியூ’ என்று இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வாசலிலிருந்து தண்ணீர் வரை நடந்தால் எத்தனை நிமிடம்? அங்கே இறங்க அனுமதி உண்டா? வெள்ளம் வந்தால் தண்ணீர் எது வரை வரும்? இவற்றோடு, வாசலில் நின்று ஆறு வரை நடந்து ஒரே மூச்சில் எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு வீடு பாருங்கள். எங்களுக்கு வந்த படத்தில் இருந்த திண்ணை உண்மையான திண்ணைதான். எதிரே இருந்த ஆறு மட்டும் வேறு எங்கோ எடுத்தது.

ஆற்றுக்கு மிக அருகில் இருப்பது எப்போதும் வசதி என்றும் நினைக்க வேண்டாம். வெள்ள எச்சரிக்கை வந்தால் கரையோரத்தில் இருப்பவர்களைத்தான் முதலில் காலி செய்யச் சொல்வார்கள். தாழ்வான இடத்தில் இருக்கும் வீட்டைவிட, ஊட்டமலைப் பக்கமோ பேருந்து நிலையத்தை ஒட்டியோ மேட்டில் இருக்கும் வீடு நிம்மதி. பென்னாகரத்தில் தங்கிக்கொண்டு தினமும் போய் வரலாம் என்று சிலர் சொல்வார்கள். 16 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் காடும் மலைப்பாதையும். வயதானவர்களோடு ஒரு நாளில் இரண்டு முறை அந்த வளைவுகளில் போய் வருவது பெரிய பாடு.

3. பணப் பேச்சு

இங்கேதான் அதிகம் ஏமாந்தோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாடகை வீட்டுக்கா, தலைக்கா என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆடியில் எங்களிடம் ஒரு இரவுக்கு 9,000 ரூபாய் என்று பேசிவிட்டு, வாசலில் நின்று தலைகளை எண்ணி, ‘எட்டுப் பேருக்குத்தான் அந்த ரேட்டு, மேலே மூணு பேருக்குத் தனி’ என்றார்கள். குழந்தைகளையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். தையில் வார நாளில் இதைவிடப் பெரிய வீடு 6,500 ரூபாய்க்குக் கிடைத்தது.

அடுத்து நாள் கணக்கு. 24 மணி நேரமா, இல்லை பகல் 1 மணிக்கு உள்ளே வந்து மறுநாள் 11 மணிக்கு வெளியேறுவதா? நீங்கள் காலை 7 மணிக்கே போய்ச் சேர்ந்தால் 1 மணி வரை பெட்டியோடு நிற்க வேண்டிவரும். சீக்கிரம் வந்தால் பைகளையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள்.

முக்கியமானது இது. ஆற்றில் இறங்கத் தடை வந்தால் முன்பணம் என்ன ஆகும்? எங்கள் வீட்டுக்காரர், ‘தண்ணி வர்றதுக்கு நான் என்ன சார் பண்றது? வீடு வீடாத்தானே இருக்கு’ என்று கேட்டார். யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. அதனால் இரண்டாம் முறை ‘தடை வந்தால் மூன்று மாதத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம்’ என்று பேசி வைத்தோம். பணத்தைத் திருப்பிக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள்கூடத் தேதி மாற்றத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிய பிறகு பணம் அனுப்புங்கள். போனில் பேசியது காற்றோடு போய்விடும். முன்பணமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

டெபாசிட் தனியா, எதற்கெல்லாம் பிடிப்பார்கள், எத்தனை நாளில் திரும்ப வரும்? ஜெனரேட்டர் டீசல், சமையல் கேஸ், கூடுதல் பாய் தலையணை, துப்புரவு, டிரைவர் படுக்க இடம் ஆகியவற்றுக்குத் தனிக் காசா என்பதையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடுங்கள்.

4. கையில் வைத்திருக்க வேண்டியவை

பெரியவர்கள் எல்லோருக்கும் ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் அசலும் நகலும். பதிவு செய்தவரின் அட்டை மட்டும் போதும் என்று கிளம்பாதீர்கள், எங்களிடம் ஒவ்வொருவருக்கும் கேட்டார்கள். ஆதார் நகல் கொடுப்பதென்றால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து வரும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் எந்தத் தேதிக்கு, எதற்காகக் கொடுத்தது என்று பேனாவால் எழுதிவிடுவது நல்லது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அவர் தங்கும் விவரத்துக்கான படிவத்தை (முன்பு படிவம் சி என்பார்கள்) இணையத்தில் பதிய வேண்டும். இந்தப் படிவத்தைப் பற்றிக் கேள்விப்படாத வீட்டுக்காரர்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் அவரைத் தங்கவைத்தால் பின்னால் இரண்டு பேருக்கும் தலைவலி.

பணம் எடுப்பது, மருந்து மாத்திரை, பால் பவுடர், பெட்ரோல் எல்லாவற்றையும் பென்னாகரத்திலேயே முடித்துவிடுங்கள். சில்லறை நோட்டாக ஒரு மூவாயிரம் இருக்கட்டும். ஆற்றங்கரையில் சிக்னல் போய்ப் போய் வரும். போனில் பணம் அனுப்ப முடியாமல் மீன்கார அக்கா முன்னால் கால் மணி நேரம் அசடு வழிய நின்றிருக்கிறேன்.

5. வழி

சென்னையிலிருந்து வருபவர்கள் கிருஷ்ணகிரி வந்து, தர்மபுரி போய், அங்கிருந்து பென்னாகரம் வழி. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர், பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்தும் உண்டு. ரயிலில் வருவதானால் தர்மபுரியில் இறங்குங்கள். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையமே கிடையாது என்பது தெரியாமல் டிக்கெட் தேடி அலுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் என்று வருவது சௌகரியம். மேப்பில் போட்டால் அஞ்செட்டி வழி தூரம் குறைவு என்று காட்டும். பகலில் அழகான பாதைதான். இருட்டிய பிறகு அந்தக் காட்டுப் பாதையில் வண்டி நின்றுபோனால் கூப்பிட ஆளும் இல்லை, சிக்னலும் இல்லை. எந்த வழியில் வந்தாலும் மாலை 5 மணிக்குள் வீட்டுக்குள் இருக்கும்படி கிளம்புங்கள். பென்னாகரத்திலிருந்து இறங்கும் பாதையிலும் யானை கடக்கும். கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். செல்ஃபி எடுக்க இறங்கும் மச்சான்களைக் காருக்குள்ளேயே பிடித்து வையுங்கள்.

பெங்களூரிலிருந்து வரும்போது அங்கே விலை குறைவு என்று மதுப் பாட்டில் வாங்கி வரும் வழக்கம் சிலருக்கு உண்டு. வெளிமாநில மது இங்கே சட்டப்படி குற்றம். சோதனைச் சாவடியில் மாட்டினால் பாட்டிலோடு பயணமும் கெடும்.

6. சாவி வாங்கியதும் முதல் அரை மணி நேரம்

பையைப் பிரிக்கும் முன் போனை எடுத்து எல்லா அறையையும் வீடியோ எடுங்கள். கண்ணாடி, குழாய், ஜன்னல் கம்பி, டிவி, மெத்தையில் ஏற்கெனவே இருக்கும் கறை என்று ஒன்று விடாமல் எடுத்து, அங்கேயே நின்று வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கூடவே இன்வெர்ட்டர், கேஸ், தொட்டித் தண்ணீர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். காவல்காரர் இரவு எங்கே இருப்பார் என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்தான் அங்கே உங்களுக்கு எல்லாம். வந்ததும் ஒரு டீ போட்டுக் கொடுத்து நாலு வார்த்தை பேசிவிட்டால், எந்தக் கடையில் மீன் புதிது என்பது முதல் நாளை தடை வருமா என்பது வரை சொல்லிவிடுவார்.

அடுத்தது குரங்கு. எங்கள் 3,200 ரூபாயில் 1,200 ரூபாய் குரங்கு வைத்த செலவு. தடை வரும் முன், முதல் நாள், மாடிக் கதவைச் சாத்தாமல் குளிக்கப் போனோம். உள்ளே புகுந்த குரங்கு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து அதோடு சண்டைக்குப் போயிருக்கிறது. கண்ணாடி தோற்றது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் பக்கத்து அறைக்குக்கூடப் போகாதீர்கள். பிளாஸ்டிக் கவரோடு வெளியே நடக்காதீர்கள். கவர் என்றால் தின்பண்டம் என்று அவற்றுக்குத் தெரியும். தீனி போடவும் வேண்டாம், அதற்கு வனத்துறை அபராதம் போடும்.

7. வீட்டு விதிகள்

பெரும்பாலான வீடுகளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது, வெளியாட்களைச் சேர்க்கக் கூடாது, ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூடாது. பத்து மணி விதி வீட்டுக்காரர் போட்டதல்ல, நாடு முழுக்க உள்ள ஒலி மாசு விதி. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கேரிபேக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பாக்குமட்டைத் தட்டும் வாழை இலையும் கொண்டு போங்கள்.

ஒட்டாத விதிகளில்தான் காசு போகும். ஒகேனக்கல் வந்தவர்கள் ஆற்றங்கரையில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளாமல் போக மாட்டார்கள். தம்பியும் மச்சானும் அரைகுறையாகக் குளித்துவிட்டு வந்து வெள்ளை விரிப்பில் சாய்ந்தார்கள். இரண்டு விரிப்பு, ஒரு மெத்தை உறை, 2,000 ரூபாய். வீட்டிலிருந்து பழைய வேட்டி இரண்டு எடுத்துப் போய் மெத்தையின் மேல் விரித்துவிடுங்கள். சீயக்காயும் மறக்காதீர்கள். வீட்டுக்குள் மீன் வறுக்கக் கூடாது என்ற விதியும் சில இடங்களில் உண்டு. கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கவலை வேண்டாம், அதற்கு 9-ஆம் எண்ணில் வழி இருக்கிறது.

8. ஆற்றில் இறங்கும் முன்

குளிக்க மெயினருவிப் பக்கம் போங்கள். கம்பித் தடுப்பு இருக்கும், ஆட்களும் இருப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஆள் இல்லாத அழகான துறை இருக்கிறது என்று காவல்காரர் காட்டினாலும் அங்கே குழந்தைகளை இறக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பாறைகளுக்கு நடுவே சுழலும் பள்ளமும் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இந்த ஆற்றில் உயிரை விட்டிருக்கிறார்கள். முதலையும் உண்டு, எச்சரிக்கைப் பலகையை வேடிக்கைக்கு வைக்கவில்லை. அந்தி சாய்ந்த பிறகு கரையில் கால் நனைக்கக்கூடப் போக வேண்டாம். பாறையில் பாசி வழுக்கும், ரப்பர் செருப்பு உதவாது. பின்பட்டை உள்ள, பிடிமானமான செருப்பு போடுங்கள்.

பரிசலுக்குக் காலை 9 மணிக்குள் துறைக்குப் போய்விட்டால் வரிசை குறைவு. வண்டியை நிறுத்தியதும், ‘வாங்க சார், வேற வழியா கூட்டிட்டுப் போறேன்’ என்று சிலர் சூழ்ந்துகொள்வார்கள். போகாதீர்கள். கவுண்டரில் கட்டணத்தைக் கேட்டு, கட்டி, ரசீது வாங்குங்கள். கட்டணம் பரிசலுக்கு, தலைக்கல்ல. நாங்கள் போனபோது நான்கு பேருக்கு ஒரு பரிசல். கைக்குழந்தையைக் கூட்டிப் போகலாமா என்பதையும் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். சவாரி எத்தனை நேரம், எது வரை போகும், நடுவில் மணல்திட்டில் இறக்குவார்களா என்பதை ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். நடு ஆற்றில் பேரம் பேசுவது யாருக்கும் நல்லதல்ல. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பட்டையை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். அத்தை, ‘புடவை மேல இது நல்லாவா இருக்கும்’ என்று தோளில் மட்டும் மாட்டிக்கொண்டார். பரிசல்காரர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, ‘கட்டினாத்தாம்மா கிளம்பும்’ என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர். உள்ளே ஒருவரும் எழுந்து நிற்கக் கூடாது. பரிசலைத் தட்டாமாலை சுற்றச் சொல்லிக் கேட்பவர்கள் காலையில் சாப்பிட்ட இட்லியை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

9. மீன்

இந்த ஊரில் சமையலைப் பற்றிக் கவலையே வேண்டாம். மீன் கடையில் மீனை வாங்கி, சுத்தம் செய்து, கரையோரம் சமைத்துக் கொடுக்கும் அக்காக்களிடம் கொடுத்துவிட்டால் குழம்பும் வறுவலும் தயார். செவுளைத் தூக்கிப் பார்த்து சிவப்பாக இருந்தால் வாங்குங்கள். ஆற்று மீனா, பண்ணை மீனா என்று கேளுங்கள். விலை வேறு, ருசியும் வேறு. எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். சமையல் கூலியில் எண்ணெய், மசாலா, சோறு சேர்ந்ததா என்று முன்பே பேசுங்கள். 10 பேருக்கு மீனும் கூலியுமாகத் தையில் எங்களுக்கு 2,800 ரூபாய் ஆனது. காலை 10 மணிக்குச் சொல்லிவிட்டு ஆற்றுக்குப் போனால் 1 மணிக்குச் சாப்பாடு. 1 மணிக்குப் போய்ச் சொன்னால் 4 மணிக்குத்தான் சோறு, அதற்குள் வாண்டுகள் நம்மைத் தின்றுவிடும்.

தூண்டில் கொண்டு போகும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். உரிமம் வைத்துப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

10. காட்டுப் பக்கம்

சுற்றிலும் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் மலையேறப் போனால் வழக்கு. நடைப்பயண ஆசை உள்ளவர்கள் வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பாருங்கள். 2024-இல் 40 பாதைகளோடு தொடங்கினார்கள், பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். கேம்ப் ஃபயர் வேண்டுமென்றால் வீட்டு வளாகத்துக்குள், காவல்காரர் காட்டும் இடத்தில் மட்டும். மாசி, பங்குனியில் அதுவும் வேண்டாம், சருகு பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. அனுமதி கேட்காமல் டிரோன் பறக்கவிடாதீர்கள்.

பாம்பு கடித்தாலோ, அடிபட்டாலோ 108. பென்னாகரத்தில் அரசு மருத்துவமனை உண்டு, அதற்கு மேல் என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடித்த இடத்தைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் வேண்டாம்.

11. கிளம்பும் நாள்

11 மணிக்குக் காலி செய்ய வேண்டுமென்றால் 9 மணிக்கே ஈரத்துணியை எல்லாம் மூட்டை கட்டிவிடுங்கள். அன்று காலை ஆற்றுக்குப் போகும் திட்டம் வேண்டாம். தையில் எங்களில் நாலு பேர் ‘கடைசியா ஒரு முங்கு’ என்று போய் 12 மணிக்கு வந்ததில் அரை நாள் வாடகை கேட்டார்கள். குப்பையைப் பிரித்துக் கட்டி எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டு அங்கே வையுங்கள், வெளியே வைத்தால் குரங்கு பிரித்துக் கடைபரப்பிவிடும். அப்புறம் காவல்காரரோடு அறை அறையாக நடந்து, முதல் நாள் எடுத்தது போலவே இன்னொரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். டெபாசிட்டை அங்கேயே நின்று வாங்குவது நல்லது. ‘நாளைக்குப் போட்டுவிடுறேன்’ என்றால், எந்தத் தேதி, எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். தையில் எங்களுக்கு முழு டெபாசிட்டும் வண்டி பென்னாகரம் தாண்டும் முன் வந்துவிட்டது. அத்தையின் ஈரப்புடவை மட்டும் கொடியிலேயே தங்கிவிட்டது. காவல்காரர் அதை மடித்து தர்மபுரிப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினார்.